கொச்சியில் இறங்குகிற விமானம்

துபாய்
6.2.2022

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

உன் ஜெகதீஷ் எழுதுவது. வந்து ஆறு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடுதான் எதைத் தொட்டாலும் ஒரே ருசியாக இருக்கிறது. நான் கிளம்பிய மறுநாள் அனுப்பிரியா அழாமல் பள்ளிக்கூடம் போனாள் என்று சொன்னாய். நம்ப ஆசைப்படுகிறேன்.

போனில் பேசினால் ‘சாப்டியா, தூங்குனியா’ என்பதற்குள் யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதம் குவாத்தமாலா போனபிறகு இன்னும் மோசம். போடியில் பகல் என்றால் அங்கே இரவு. அதனால் நீ சொன்னபடி தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு யோசனை கேட்க வேண்டும். இங்கே ஆபீசில் எல்லாரும் முதலில் கேட்பது, ‘நீ எந்த விமானத்து அட்டை?’ என்றுதான். ஒவ்வொரு விமானக் கம்பெனியும் உறுப்பினர் அட்டை ஒன்று தருகிறது. அவர்கள் விமானத்தில் பறக்கப் பறக்கப் புள்ளி சேரும், புள்ளி சேர்ந்தால் சும்மா ஒரு டிக்கெட். டிக்கெட்டை நம் ஏலக்காய்க் கம்பெனி எடுத்தாலும் புள்ளி பறக்கிறவனுக்கே. எனக்கு வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது கடல் தாண்டுகிற வேலை. ஆனால் ஒன்றைப் பிடித்து அதிலேயே நிற்க வேண்டுமாம். அதில் ஒரு தடவை இதில் ஒரு தடவை என்று பறந்தால் எதிலும் ஒன்றும் தேறாது.

மூன்று பேரைச் சொல்கிறார்கள். ஸ்பெயின்காரன், அமெரிக்காக்காரன், இந்த வளைகுடாக்காரன். மூவருடைய விதிமுறைகளையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். நான் ஏலக்காய் உலர்த்துகிறவன். நீதான் பி.எஸ்ஸி. கணக்கு. பார்த்துச் சொல்.

உன்,
ஜெகதீஷ்


போடிநாயக்கனூர்
11.2.2022

அன்புள்ள மாமாவுக்கு,

ஈஸ்வரி எழுதிக்கொள்வது. வீட்டில் மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது யார் என்று திடுக்கிட வேண்டாம், நீங்கள் போன அன்றைக்கு வந்து சேர்ந்த பூனை. உங்கள் நாற்காலியில்தான் படுக்கிறது.

மூன்று கம்பெனி விதிமுறைகளையும் இரண்டு தடவை படித்தேன். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. ஸ்பெயின்காரனிடம் வெரசாகப் புள்ளி ஏறும், ஒரே வருஷத்தில் தங்க அட்டை. அந்த ஊருக்கு நேர்வழியும் அவன்தான். ஆனால் அவன் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்காக்காரனும் அப்படியே. வளைகுடாக்காரன் மெக்சிகோ வரைக்கும்தான் போகிறான், அங்கிருந்து நீங்கள் வேறு சின்ன விமானம் ஏற வேண்டும். ஏழு மணி நேரம் கூடுதல். அட்டை தங்கமாக இரண்டு வருஷம் ஆகும்.

ஆனாலும் வளைகுடாக்காரனைத்தான் எடுக்க வேண்டும். அவன் காலை எட்டரைக்குக் கொச்சியில் இறங்குகிறான். அங்கே ஒரு டாக்சி பிடித்தால் இரண்டு மணிக்குப் போடிமெட்டு, மூன்று மணிக்கு வீடு. மற்ற இரண்டு பேருடைய புள்ளியும் எத்தனை லட்சம் சேர்ந்தாலும் உங்களை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடாது. நான் பார்த்த கணக்கு இவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயம். அதில் குடும்பக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரே விலாசத்தில் வசிக்கிற எட்டுப் பேர் வரை சேரலாம், எல்லார் புள்ளியும் ஒரே இடத்தில் விழும். குடும்பத் தலைவர் என்று ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டாவது, புள்ளிக்கு ஆயுள் மூன்று வருஷம். திரும்பி வர நீங்கள் எனக்குச் சொன்ன கெடுவும் அதேதான். மறந்துவிடாதீர்கள்.

அண்ணன் வந்திருந்தது. வெள்ளைத்துரை அண்ணனைத்தான் தெரியுமே, காப்பி குடிக்கும் முன்னேயே ஆரம்பித்துவிட்டது. “ஒலகத்துல வேற ஊரே கெடைக்கலையா? குவாத்தமாலாக் காய்தான் நம்ம வெலைய அமுக்குது. ஒம் புருசன் அவனுக்கே போயி காய் ஒலத்துற ஸ்டோரு வச்சுக் குடுக்குறாராக்கும்” என்றது. நான் விடவில்லை. “அந்தக் காயி அரபுக்காரனுக்குப் போறதுண்ணே, இந்தப் பக்கமே வராது. எங்க மாமா எனக்குச் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு” என்றேன். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன்.

உங்கள்,
ஈஸ்வரி


கோபான், குவாத்தமாலா
4.3.2022

அன்பு ஈஸ்வரி,

வளைகுடாக்காரனையே எடுத்துவிட்டேன். மெக்சிகோவில் ஏழு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசில் சிரிக்கிறார்கள், இருக்கிறதிலேயே சுற்று வழியைப் பிடித்திருக்கிறாயே என்று. சிரிக்கட்டும்.

குடும்பத் தலைவர் நீதான். நான் ஊர் ஊராகச் சுற்றுகிறவன், கணக்கு உன் கையில் இருக்கட்டும். நான் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் உனக்குத் தெரிந்துவிடும், நல்லதுதானே. விலாசத்துக்குப் போடி விலாசத்தையே கொடு. நான் எந்த மலையில் கிடந்தாலும் என் விலாசம் அதுதான்.

இங்கே மலை நம் மலை மாதிரிதான். மழைதான் விட்டபாடில்லை. ஏலக்காயைத் தலைமுறையாக வளர்க்கிறார்கள், ஒருத்தர் வீட்டிலும் அதைச் சாப்பாட்டில் போடுவதில்லை. நான் காப்பியில் இரண்டு தட்டிப் போட்டதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஸ்டோரில் உலர்த்துகிறேன் பேர்வழி என்று காயை வாட்டி எடுத்து மஞ்சளாக்கி வைத்திருந்தார்கள். நம் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். கடைசி இரண்டு மணி நேரம் விறகை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு, கதவைத் திறக்காமல் அந்தச் சூட்டிலேயே காயைக் கிடத்த வேண்டும் என்று. முதல் நாள் ஒருத்தரும் நம்பவில்லை. காலையில் கதவைத் திறந்தால் காம்பு முதல் வால் வரை ஒரே பச்சை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மச்சானிடம் சொல். மூன்று வருஷம். ஒரு காய்கூட நம் சந்தைக்கு வராது. இரண்டும் என் வாக்கு.

உன்,
ஜெகதீஷ்


போடிநாயக்கனூர்
8.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தங்க அட்டை வந்துவிட்டது. தபால்காரர் பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். தடித்த உறை, உள்ளே பளபளவென்று உங்கள் பெயர். தோட்டத்துக்கு எடுத்துப்போய் மொக்கம்மாளிடம் காட்டினேன். நம் காய் எடுப்பு ஆட்களுக்கெல்லாம் மூத்தவள் அவள்தானே. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத வச்சு என்ன ஆத்தா செய்யிறது?” என்று கேட்டாள். விமானம் ஏறுகிற இடத்தில் சோபாவில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள் என்றேன். “அந்தச் சோத்தத் திங்கத்தான் மனுசன் வீட்டுக்கு வராமக் கெடக்காரா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா, நான் கணக்கில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். புள்ளி ஏற ஏற நீங்கள் அடிக்கடி வருவீர்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைக்குக் குளித்துவிட்டுக் கணக்கைத் திறந்து பார்க்கிறேன். மெக்சிகோ, துபாய். துபாய், ஜெட்டா. ஜெட்டா, துபாய். துபாய் வரை வந்துவிட்டுத் திரும்பியது இந்த வருஷம் மட்டும் ஐந்து தடவை. அங்கிருந்து கொச்சிக்கு நாலு மணி நேரம். நீங்கள் கடைசியாக வீட்டுக்கு வந்தது போன வருஷம் பிப்ரவரி, இருபது நாள். பூனைக்கு உங்களை இன்னும் சரியாக அடையாளம் தெரியாது.

அனுப்பிரியா பதிமூன்று முடிந்து நிற்கிறாள். என் செருப்பு அவளுக்குச் சேர்கிறது. அப்பா எப்போது வரும் என்று முன்னே கேட்பாள். இப்போது கேட்பதில்லை. எனக்கு அதுதான் சங்கடமாக இருக்கிறது.

இந்த வருஷம் வெயில் அடித்ததில் செடி பாதிக்குப் பாதி போய்விட்டது. இருக்கிற செடியில் இரண்டாவது சுற்றுக் காய் எடுத்துக்கொண்டிருக்கிறோம். தீபாவளிக்கு வந்துவிடுங்கள். டிக்கெட்டுக்குக் கம்பெனியைக் கேட்க வேண்டாம். புள்ளி தாராளமாக இருக்கிறது.

உங்கள்,
ஈஸ்வரி


கோபான்
16.11.2024

அன்பு ஈஸ்வரி,

தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு உன் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது. என்ன செய்ய, இங்கே அறுப்பு நேரம். பத்து நாளாக விடாமல் மழை. ஸ்டோரை விட்டு நகரவே முடியவில்லை, நாலு அடுப்பும் இரவு பகலாக எரிகிறது. துணியெல்லாம் புகை வாசனை. மலையிறங்கி டவுனுக்குக்கூடப் போகவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அனுப்பிரியாவுக்குப் பிறந்தநாள் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு நிச்சயம் பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ஜெகதீஷ்


போடிநாயக்கனூர்
24.11.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் கணக்கைத் திறந்தேன். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நவம்பர் 13: துபாய், கொச்சி. நவம்பர் 16: கொச்சி, துபாய். பயணி: ஜெகதீஷ். தங்க அட்டை என்பதால் கால் பங்கு கூடுதல் புள்ளி.

நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஜெகதீஷாக இருக்கும், கம்பெனி தப்பாகப் போட்டிருக்கும் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பிறகு மொக்கம்மாள் ஞாபகம் வந்தது. 14-ஆம் தேதி காலையில் ஜீப்பை விட்டு இறங்கினவுடனே என்னிடம் வந்து, “ஆத்தா, மெட்டுல டீக்கடையில ஒங்க வீட்டுக்காரரு கணக்கா ஒருத்தரு நின்னாரு. அதே நெத்தி, அதே நிப்பு” என்றாள். நான் அவளைத் திட்டினேன். “அவரு ரெண்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு, காலங்காத்தால வாயில வந்ததச் சொல்லாத” என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலில் வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறைக்க மாட்டேன். அப்படி இருந்திருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை கடைத்தெருவில் ஒரு மண்டியில் தட்டில் காய் கொட்டி வைத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவர் அனுப்பியதாம். நம் மலைக் காய் என்று சொன்னார்கள். நிறத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். காம்பிலிருந்து வால் வரை ஒரே பச்சை. இருபது வருஷம் நீங்கள் உலர்த்தி நான் பார்த்த நிறம். ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். வாசனை இல்லை, காரம் இல்லை. கை உங்களுடையது, காய் இந்த மலையுடையது இல்லை.

அண்ணனும் அந்த மண்டியில்தான் நின்றது. அது என்னைப் பார்த்தது, நான் தட்டைப் பார்த்தேன். அது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது.

நவம்பர் 16, மழையில் ஸ்டோரை விட்டு நகரவில்லை என்று எழுதிய அன்றைக்கு நீங்கள் கொச்சியில் விமானம் ஏறியிருக்கிறீர்கள். எதற்காக மாமா? ஆறு மணி நேரத்தில் வீடு.

ஈஸ்வரி


கோபான்
1.12.2024

ஈஸ்வரி,

எல்லாம் உண்மை.

அரபு வியாபாரிகள் இந்த வருஷம் பாதிதான் எடுத்தார்கள். நம் பக்கம் வெயிலில் காய் இல்லை, விலை ஏறிக் கிடக்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. பாஷை தெரிந்தவன் என்று மலைக்கு அந்தப் பக்கம் என்னைக் கூட்டிப்போனார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் காயோடு கலந்துதான் விற்கப்போகிறார்கள் என்று எனக்கு முதலிலேயே தெரியும். நீ எழுதிய அந்த வியாபாரியின் மேஜையில் காயைக் கொட்டியபோது அவர், “இது நம்ம பச்சையாணல்லோ” என்றார், நம் ஊர்ப் பச்சையேதான் என்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விடிகாலை ஒரு டாக்சி எடுத்துக்கொண்டு தனியாகப் போடிமெட்டு வரைக்கும் வந்தேன். வீட்டுக்கு வரத்தான் வந்தேன். கீழே ஊர் தெரிந்தது. நம் தெரு தெரியாது, ஆனால் இன்ன இடத்தில் இருக்கும் என்று கை நீட்டிச் சொல்வேன். ஒரு டீ குடித்துவிட்டு இறங்கலாம் என்று நின்றேன். அப்போது ஜீப்பு வந்தது, முன்னால் மொக்கம்மாள். ஷூ கயிறு கட்டுவது மாதிரிக் குனிந்துகொண்டேன். ஜீப்பு போனபிறகும் நிமிர முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. தாளில்தான் வருகிறது.

டாக்சியைத் திருப்பச் சொன்னேன்.

ஒன்று மட்டும் நம்பு. டிக்கெட் போடுகிற பெண் என் அட்டை எண்ணை எப்போதும் சேர்த்துவிடுவாள். இந்தத் தடவை சேர்க்காதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாய் என்று தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன்.

ஜெகதீஷ்


போடிநாயக்கனூர்
22.12.2024

மாமாவுக்கு,

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை, ஆனால் தணிந்திருக்கிறது.

வாயால் சொல்ல வேண்டியதை விமானக் கம்பெனியை விட்டுச் சொல்லவைத்திருக்கிறீர்கள். அதை நான் பெரிய நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாக்கும். மொக்கம்மாளிடம் பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “விடு ஆத்தா, நாந்தான் ஆளப் பாத்துட்டேன், நீ இன்னும் பாக்கலேல்ல” என்றாள். அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

நீங்கள் செய்தது எனக்கு மட்டும் செய்தது இல்லை. நம்மைப்போல் மூன்று ஏக்கர் நாலு ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் செய்தது. ஆனால் நான் அவர்கள் சார்பாக எழுதவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன். தலைகுனிந்து வந்தாலும் வாருங்கள். இங்கே ஒரு வருஷம் பேசுவார்கள், பிறகு வேறு பேச்சு வந்துவிடும். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு வருஷம் ஒன்பது மாதம் சேர்ந்த புள்ளியைக் கணக்குப் பார்த்தேன். உங்கள் பெயருக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன். குடும்பத் தலைவர் நான்தானே, யாரையும் கேட்க வேண்டியதில்லை. மார்ச் 7 குவாத்தமாலா, மார்ச் 9 காலை எட்டரை கொச்சி. அந்த நாளோடு நீங்கள் சொன்ன மூன்று வருஷம் முடிகிறது. ஒரு வழி டிக்கெட்தான். திரும்பிப் போவதற்கும் புள்ளி இருந்தது. நான் போடவில்லை.

உங்கள்,
ஈஸ்வரி


கோபான்
1.3.2025

அன்பு ஈஸ்வரி,

டிக்கெட்டைத் தாளில் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். வராமல் இருப்பேன் என்று நினைத்துவிடாதே.

கம்பெனியில் என்னை மூன்று ஸ்டோருக்கும் தலைவனாகப் போடுகிறார்கள். தனி வீடு, பின்னால் தோட்டம். இங்கே எல்லாரும் என்னை ‘இன்ஹெனியேரோ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், இஞ்சினியர் என்று அர்த்தம். ஊரில் இருபது வருஷம் நான் ஸ்டோர்க்காரன். கல்யாண வீட்டில்கூட, ‘யாரு, ஸ்டோர்க்காரரா, உக்காருங்க’ என்பார்கள். உனக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு உறைத்திருக்கிறது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீயும் அனுப்பிரியாவும் இங்கே வந்தால் என்ன? அந்தப் புள்ளியில் உங்கள் இருவருக்கும் டிக்கெட் வரும். யோசித்துப் பார். தோட்டத்தை மச்சான் பார்த்துக்கொள்ளாதா?

சரி, அது பிறகு. இப்போது 7-ஆம் தேதி மட்டும் கிளம்ப முடியாது. புது ஆளுக்கு அடுப்பு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். தேதியை மாத முடிவுக்கு மாற்றிப் போடு. இந்த ஒரு தடவை.

உன்,
ஜெகதீஷ்


போடிநாயக்கனூர்
6.4.2025

ஜெகதீஷ் மாமாவுக்கு,

தேதி மாற்றப் புள்ளி பிடித்தார்கள், கொடுத்தேன். மார்ச் 30 காலை கொச்சி என்று அனுப்பினேன். நீங்கள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை. அதனால் இங்கே நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

28-ஆம் தேதியிலிருந்து கணக்கை நான் திறக்கவில்லை. திறந்தால் நீங்கள் ஏறினீர்களா என்று தெரிந்துவிடும். தெரியாமல் இரண்டு நாள் இருக்க ஆசைப்பட்டேன். வீட்டைக் கழுவினேன். நாற்காலியிலிருந்து பூனையை இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டுக்குப் போனேன். நீங்கள் நின்ற டீக்கடையில் நாமே நின்று கூட்டிவரலாம் என்று நினைத்தேன். அங்கிருந்து நீங்கள் தனியாக இறங்க வேண்டாம் என்று தோன்றியது.

பன்னிரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். கேரளாப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு டாக்சியையும் பார்த்தேன். இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. மூணாறில் கூட்டமாக இருக்கும் என்று அனுப்பிரியாவிடம் சொன்னேன். ஆமாம்மா என்றாள். மேகம் இறங்கி ரோடு மறைந்தது. நாலரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையிறங்கத் தொடங்கின. ஒன்றிலிருந்து மொக்கம்மாள் இறங்கி வந்தாள். என் கூட ஒரு டீ குடித்தாள். அப்புறம், “வா ஆத்தா, ஜீப்புல எடமிருக்கு” என்றாள்.

கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போதுதான் அனுப்பிரியா சொன்னாள். அவள் சனிக்கிழமை காலையிலேயே என் போனில் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டாளாம். ‘பயணி வரவில்லை, டிக்கெட் ரத்து’ என்று இருந்ததாம். “அப்புறம் ஏண்டி எங்கூட வந்து உக்காந்திருந்த?” என்று கேட்டேன். “நீ தனியா உக்காந்திருப்பேல்ல” என்றாள்.

உங்கள் கோபம், உங்கள் வெட்கம், ‘ஸ்டோர்க்காரன்’ என்று கூப்பிட்டது உறைத்தது, எல்லாம் எனக்குப் புரிகிறது. அங்கே உங்களுக்கு இருக்கிற மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் அங்கே வர மாட்டேன். இது என் அப்பா கொடுத்த தோட்டம், செத்த செடிக்கு மறுநடவு போட ஜூனுக்குள் குழி எடுக்க வேண்டும். நீங்களும் இங்கே வரப்போவதில்லை. அதை நீங்கள் சொல்லியிருக்கலாம். மறுபடியும் விமானக் கம்பெனியை விட்டே சொல்லவைத்தீர்கள்.

நான் தேர்ந்தெடுத்த கம்பெனியில் குற்றமில்லை. அவன் சொன்னபடி தினமும் காலை எட்டரைக்குக் கொச்சியில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

அனுப்பிரியா உங்கள் மகள். அவளுக்கு நீங்கள் எழுதலாம், போன் செய்யலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவளிடம் தாளில்கூடப் பொய் எழுதாதீர்கள். உங்கள் தங்க அட்டையை இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன், ஆபீஸ் விலாசத்துக்கு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டுக் கணக்கைத் திறந்தேன். குடும்பக் கணக்கிலிருந்து உங்கள் பெயரை நீக்கப் போனேன். காரணம் சொல்லாமல் நீக்க விடமாட்டேன் என்கிறது. நாலு காரணம் அதிலேயே கொடுத்திருந்தது. தவறுதலாகச் சேர்க்கப்பட்டார் என்பது முதலாவது. நான் தெரிந்துதான் சேர்த்தேன். உறுப்பினரே கேட்டுக்கொண்டார் என்பது இரண்டாவது. நீங்கள் எதையும் கேட்கவில்லை. உறுப்பினர் காலமானார் என்பது மூன்றாவது. நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும்.

நாலாவது, இந்த உறுப்பினர் இப்போது இந்த விலாசத்தில் வசிக்கவில்லை. அதைத் தொட்டேன். உறுதிதானா என்று மறுபடியும் ஒரு தடவை கேட்டது. ஆம் என்று போட்டேன்.

ஈஸ்வரி